பாதியில் கல்லூரி மாறி கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போகலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மதுரையில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். பாதி நாள் அட்மிஷன் கவுண்டரில், மீதி நாள் கண்காணிப்பாளர் நாற்காலியில். இப்போது தேவகோட்டையில் வீட்டோடு இருக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்துவிட்டேன்.

"அக்கா, பி.எஸ்சி. கணிதம் முதல் வருஷம் இங்கேயே முடிக்கப் போகிறேன். இரண்டாம் வருஷம் மதுரையில் கிறிஸ்தவக் கல்லூரிக்கு மாற முடியுமா? இப்போதே டி.சி. வாங்கிவிடட்டுமா?" (தேவகோட்டை)

டி.சி.யை வாங்காதே தம்பி. மற்றதெல்லாம் அப்புறம்.

மாறலாம், வழி இருக்கிறது. ஆனால் மூன்றாவது செமஸ்டர் தொடக்கத்தில், அதே பாடத்தில், அங்கே இடம் காலியாக இருந்தால்தான். காலி எப்படி வரும்? முதல் வருஷம் சேர்ந்த யாராவது இன்ஜினீயரிங் கிடைத்தோ, வீட்டுக் கஷ்டத்தாலோ, கல்யாணமாகியோ நின்றிருப்பார்கள். அந்த ஒன்றிரண்டு இடத்துக்குத்தான் போட்டி, அதனால் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் ஏப்ரலிலேயே பிரின்சிபலுக்கு ஒரு கடிதம் எழுதிப் போடு. முதல் செமஸ்டர் மார்க் ஷீட் நகலையும் நீ படித்த ஒவ்வொரு தாளின் சிலபஸையும் சேர்த்து வை. சிலபஸ் வைக்காமல் வருகிறவர்கள்தான் அதிகம், அவர்களை நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம்.

ஏன் சிலபஸ் என்றால், அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், சென்னையில் எம்.சி.சி. (சென்னை கிறிஸ்தவக் கல்லூரி), லயோலா எல்லாம் 1978இலேயே தன்னாட்சி வாங்கியவை, பாடத்திட்டத்தை அவர்களே போடுவார்கள். உன் தாளையும் அவர்கள் தாளையும் துறைத்தலைவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். தமிழும் ஆங்கிலமும் பெரும்பாலும் தப்பித்துவிடும். மாட்டுவது துணைப்பாடம். இங்கே நீ இயற்பியல் படித்திருப்பாய், அங்கே அந்த இடத்தில் புள்ளியியல் இருக்கும். அப்படி விடுபட்ட தாளை இரண்டாம் வருஷப் பாடத்தோடு சேர்த்து எழுத வேண்டிவரும். அது சுமைதான், தெரிந்துகொண்டு வா.

அப்புறம் வரிசை முக்கியம். புதுக் கல்லூரி "இடம் தருகிறோம்" என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தத் தாளைக் காட்டி உன் கல்லூரியில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கு. பல்கலைக்கழக அனுமதி அடுத்தது. டி.சி. எல்லாவற்றுக்கும் கடைசி. கல்லல் பக்கத்துப் பையன் ஒருவன், வாயால் சொன்னதை நம்பி டி.சி.யோடு எங்கள் கவுண்டருக்கு வந்தான். பிளாஸ்டிக் கவரில் மடங்காமல் பத்திரமாக வைத்திருந்தான், பார்க்கவே பாவமாக இருந்தது. அந்த வருஷம் அந்தத் துறையில் ஒரு காலிகூட இல்லை. பழைய கல்லூரியில் "பேரை அடித்தாயிற்று, மறுபடி சேர்க்க முடியாது" என்றுவிட்டார்கள். ஒரு வருஷம் போய், பிறகு வேறு எங்கோ முதல் வருஷத்திலிருந்து ஆரம்பித்தான். குரங்குகூட அடுத்த கொப்பைப் பிடித்த பிறகுதான் இருக்கிற கொப்பை விடும்.

"கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்றால் டிகிரியில் அந்தப் பேர்தானே வரும்?" (புதுவயல்)

நம் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் இல்லை. 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியாக இருந்தாலும் பட்டம் கொடுப்பது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். திருச்சி செயின்ட் ஜோசப், பிஷப் ஹீபர், ஹோலி கிராஸ் என்றால் பாரதிதாசன். தாங்களே பட்டம் தருகிற நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் கோயம்புத்தூர் காருண்யா, பெங்களூரு கிறைஸ்ட் போன்றவை. அங்கே விதி முழுக்க அவர்களுடையது, அவர்கள் அட்மிஷன் ஆபீசைத்தான் கேட்க வேண்டும்.

இது ஏன் முக்கியம்? நம் சிவகங்கை மாவட்டக் கல்லூரிகள் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. மதுரைக்கோ திருச்சிக்கோ போனால் பல்கலைக்கழகமே மாறுகிறது, அப்போது டி.சி. மட்டும் போதாது, இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும். காரைக்குடியில் இருக்கிறவர்களுக்கு அதைத் தருகிற அழகப்பா பல்கலைக்கழக ஆபீஸ் ஊருக்குள்ளேயே இருப்பது ஒரு வசதி, பஸ் செலவு மிச்சம்.

"நாங்கள் நகரத்தார். மகள் பேர் பள்ளி மார்க் ஷீட்டில் 'ஆர்எம். எஸ்பி.' என்று விலாச இனிஷியலோடு (முன்னோர் பேர்களின் எழுத்துகளோடு) இருக்கிறது, ஆதாரில் அப்பா பேர் மட்டும். இது ஒரு பிரச்சினையா ஆச்சி?" (பள்ளத்தூர்)

பிரச்சினைதான் ஆச்சி, நம் ஊர்க்காரர்களுக்கே உரிய பிரச்சினை. கவுண்டரில் நாங்கள் முதலில் பார்ப்பது மார்க்கை இல்லை, பேரை. பிளஸ் டூ மார்க் ஷீட்டில் நாலு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, கல்லூரி மார்க் ஷீட்டில் புள்ளி இல்லாமல் ஒட்டி எழுதியது என்றால் மூன்றும் மூன்று ஆள். இப்போது கிரெடிட் (ஒவ்வொரு தாளுக்கும் கிடைக்கிற மதிப்பலகு) எல்லாம் ஏ.பி.சி. என்கிற ஆன்லைன் கிரெடிட் வங்கிக் கணக்கில் ஏறுகிறது, அது ஆதாரோடு இணைந்தது, பேர் ஒத்துப்போகாவிட்டால் பழைய கல்லூரி மார்க் ஏறாமல் நிற்கும். கல்லூரி மாறுவதற்கு முன்னாலேயே ஆதாரைப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின்படி திருத்திவிடுங்கள். மாறின பிறகு திருத்தப் போனால் இரண்டு ஆபீசுக்கு அலைய வேண்டியிருக்கும்.

"இந்துப் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா? ஜெபத்துக்குக் கட்டாயம் போகச் சொல்வார்களா?" (பள்ளத்தூரில் அதே அம்மா)

தாராளமாகச் சேர்ப்பார்கள். சிறுபான்மைக் கல்லூரி என்பதால் தங்கள் சமயத்தவருக்கு ஒரு பங்கு ஒதுக்குவார்கள், மீதி எல்லாருக்கும். நான் இருந்த கல்லூரியில் வகுப்பில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள்தான். ஜெபத்தைப் பொறுத்தவரை அரசியலமைப்பின் 28(3) பிரிவு இருக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற நிறுவனத்தில் படிக்கிற யாரையும் சம்மதமில்லாமல் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக்கூடாது, மைனர் என்றால் பெற்றோர் சம்மதம். வாரத்தில் ஒரு மணி நேரம் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று பிரித்து வைப்பது வழக்கம். நன்னெறி வகுப்புக்கு வருகைப்பதிவு உண்டு, அதைக் கட் அடிக்க முடியாது!

ஒரு வருஷம் கானாடுகாத்தான் பெண் ஒருத்தி பிள்ளையார் நோன்புக்கு லீவு கேட்டு எழுதினாள், "இழை எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று. எங்கள் பிரின்சிபல் சிஸ்டருக்குப் புரியவில்லை, என்னிடம் கேட்டார். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள், மாவுப் பிள்ளையாரில் திரியை ஏற்றி அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள் என்று சொன்னேன். "சூடாக இருக்காதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"நான் கத்தோலிக்கன். பங்குத்தந்தை கடிதம் கொடுத்தால் இடம் உறுதியா?" (சருகணி)

உறுதி இல்லை. திருமுழுக்குச் சான்றும் பங்குத்தந்தை கடிதமும் நீ சிறுபான்மை ஒதுக்கீட்டில் வருகிறாய் என்று காட்டும், அவ்வளவுதான். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கல்லூரிக்கு எழுதுகிற சி.எஸ்.ஐ. பிள்ளை என்றால் தன் சபை ஆயரிடம் கடிதம் வாங்க வேண்டும். ஒதுக்கீடு முதல் வருஷச் சேர்க்கைக்குத்தான் பலன் தரும். நடுவில் மாறும்போது காலியிடமே இல்லையென்றால் பிஷப் கடிதம் கொண்டுவந்தாலும் நாற்காலி முளைக்காது. கடிதத்தைவிட உன் முதல் செமஸ்டர் மார்க் பேசும்.

"இரண்டு அரியர் இருக்கு." (கண்டனூர்)

எழுதி முடித்துவிட்டு வா. அரியரோடு வருகிறவரை எடுத்துக்கொண்டால் அந்தத் தாளை யார் நடத்துவது, யார் மார்க் போடுவது என்று தலைவலி, அதனால் பெரும்பாலும் வேண்டாம் என்றுவிடுவார்கள்.

"புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. கல்லூரி மாறினால் நின்றுவிடுமா?" (திருப்பத்தூர்)

நீ அரசுப் பள்ளியில் படித்த தகுதி மாறப் போவதில்லை. நிற்பது பதிவு மாறாததால். உன் யூமிஸ் (அரசின் கல்லூரி மாணவர் பதிவு) எண்ணில் பழைய கல்லூரியே இருந்தால் பணம் எங்கோ தொங்கும். புதுக் கல்லூரியில் சேர்ந்த வாரமே ஸ்காலர்ஷிப் பார்க்கிற கிளார்க்கைப் பிடித்து, இரண்டு கல்லூரியும் யூமிஸில் மாற்றிவிட்டார்களா என்று கேள். கேட்காமல் யாரும் செய்ய மாட்டார்கள், நானே செய்ததில்லை.

"முதல் வருஷம் ஒரு தனியார் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன், இப்போது திருச்சியில் இடம் கிடைத்துவிட்டது. கட்டின பணமும் சர்டிபிகேட்டும் திரும்ப வருமா?" (கோட்டையூர்)

சர்டிபிகேட்டைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை. 2018 யு.ஜி.சி. அறிவிப்பு அதைத் தெளிவாகச் சொல்கிறது. பணத்துக்கு அதிலேயே கணக்கு இருக்கிறது: சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுப் பணமும் திரும்ப வரும், அதில் அதிகபட்சம் 5 சதவீதம், அதுவும் 5000 ரூபாய்க்கு மேல் போகாமல், கல்லூரி பிடித்துக்கொள்ளலாம். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, முப்பது நாளுக்குள் 50, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. சில வருஷங்களில் யு.ஜி.சி. இதைவிடச் சலுகையாகத் தனி அறிவிப்பும் விடும், அதையும் பார். விலகல் கடிதத்தைக் கையில் கொடுத்து நகலில் தேதியோடு முத்திரை வாங்கு, இல்லாவிட்டால் நீ எப்போது கேட்டாய் என்பதே வழக்காகிவிடும்.

"பி.காம். இரண்டாம் வருஷம். மாமா டெக்சாஸில் இருக்கிறார். அங்கே கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்பர் ஆக முடியுமா?" (காரைக்குடி)

என் தங்கை மகள் அப்படிப் போனதால் தெரியும். அங்கே டிரான்ஸ்பர் சாதாரண விஷயம், அதற்கென்று தனி விண்ணப்பமே இருக்கும். இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட், அதில் உன் பி.காம். தாள்கள் எத்தனையை எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் முடிவு, எல்லாம் ஏறும் என்று நினைக்காதே. கல்லூரியில் மூடி முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட் (எல்லா செமஸ்டர் மார்க்கும் சேர்ந்த தாள்), தாள்வாரியாக சிலபஸ், உன் படிப்பு அங்கே எதற்குச் சமம் என்று வெளி நிறுவனம் தரும் மதிப்பீடு, இதற்கே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

சமய விஷயத்தில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. டெக்சாஸில் 1845இல் தொடங்கிய பேலர் பாப்டிஸ்டுகளுடையது, எல்லாச் சமயத்தவரையும் சேர்க்கும், ஆனால் சேப்பல் வருகை உண்டு. நோட்டர் டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், கத்தோலிக்கராக இருக்க வேண்டியதில்லை. இல்லினாயில் இருக்கிற வீட்டன் கல்லூரியோ நீ விசுவாசியாக இருப்பதை எதிர்பார்க்கும், ஒழுங்கு உடன்படிக்கையில் கையெழுத்தும் கேட்கும். இடம் கிடைத்தால்தான் ஐ-20 (மாணவர் விசாவுக்கு வேண்டிய படிவம்) வரும், அதற்கு ஒரு வருஷச் செலவுக்குப் பணம் இருப்பதாக பேங்க் கணக்கோ கடன் ஒப்புதலோ காட்ட வேண்டும். மாமா பொறுப்பேற்றால் அவருடைய கடிதமும் கணக்கும். வீட்டை வைத்துக் கடன் வாங்குவதாக இருந்தால் பங்காளிகள் எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று முதலில் எண்ணிப் பார். செட்டிநாட்டு வீட்டுக்கு அது லேசில் முடிகிற காரியமில்லை.

"பிரின்சிபலுக்கு எழுதுகிற கடிதம் ஆங்கிலத்தில்தான் இருக்கணுமா அக்கா?" (நாச்சியாபுரம்)

தமிழிலேயே எழுது, ஒரு பக்கத்துக்குள். ஏன் மாறுகிறாய் என்பதை மறைக்காதே, அப்பாவுக்கு மதுரைக்கு வேலை மாறியிருந்தால் அதைச் சொல். உன் பழைய கல்லூரியைத் திட்டாதே. கீழே போன் நம்பரை எழுத மறந்துவிடாதே, காலியிடம் வந்த அன்று கூப்பிட நம்பர் இல்லாமல் நான் எடுத்து ஓரமாக வைத்த கடிதங்கள் நிறைய.