பஸ்ஸில் கொண்டு திரியப் பாரம் குறைந்த ட்ரைபொட் எது வாங்கலாம்?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: கெனன் 200டி கமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ், பறவைக்கென்று தூரத்தை இழுக்கிற ஒரு 55-250 லென்ஸ், கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸிலும் சிநேகிதனின் மோட்டார் சைக்கிளிலும்தான் பயணம், ஆகவே ஒரு கிலோவுக்குள் ட்ரைபொட், அதாவது கமராவை நிறுத்துகிற முக்காலி, வேண்டும். எல்லாம் சரி, அந்த ஒரு கிலோவில்தான் எனக்கு உடன்பாடில்லை.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வாங்கியது கமராவைப் பூட்டுகிற பிளாஸ்டிக் தலையும் நீட்டுக் கைபிடியும் வைத்த ஒன்று, ஒரு கிலோ கூட வராது, கடைக்காரர் ஒரு விரலில் தூக்கிக் காட்டினார், நான் அதிலேயே மயங்கிவிட்டேன். ஆடி மாதம், இரணைமடுக் குளக்கட்டு, பால்வீதி எடுக்கலாம் என்று போனோம். சோளகம் அடிக்கிற காலத்தில் வன்னியில் இரவு என்றால் காற்று ஓய்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள், குளத்துக்கு மேலாக வருகிற காற்றைத் தடுக்க அங்கே ஒரு மரமும் இல்லை. முதல் பத்துப் படத்திலும் நட்சத்திரம் எல்லாம் புழு மாதிரி நெளிந்திருந்தது. பதினோராவது படத்துக்கு ட்ரைபொட் கமராவோடு சேர்ந்து கட்டுக் கல்லில் படுத்துவிட்டது. கமரா தப்பியது, லென்ஸின் முன்வளையம் நெளிந்தது, தலையின் பிளாஸ்டிக் இரண்டாக வெடித்தது.

அதிலிருந்து எனக்கு விளங்கியது, பெட்டியில் போடுகிற ‘8 கிலோ தாங்கும்’, ‘10 கிலோ தாங்கும்’ என்ற கணக்கைப் பார்த்து ஒன்றும் ஆகாது என்பதுதான். எல்லாக் கம்பனிக்கும் பொதுவான அளவுகோல் அதற்குக் கிடையாது. உங்கள் கமரா 453 கிராம், 18-55 லென்ஸ் 215 கிராம், அதைக் கழற்றி 55-250 போட்டாலும் கமராவோடு மொத்தமாக 830 கிராம் தாண்டாது. அதை எந்த ட்ரைபொட்டும் தாங்கும். தாங்கிக்கொண்டு ஆடாமல் நிற்குமா என்பதுதான் கேள்வி.

அதற்குக் கடையில் பார்க்க வேண்டியது காலின் கடைசிக் குழாய். ஒவ்வொரு காலும் நாலு அடுக்காகவோ ஐந்து அடுக்காகவோ மடங்கும். ஐந்து என்றால் மடித்தால் குட்டியாகிவிடும், ஆனால் கடைசி அடுக்கு பேனை மொத்தத்துக்கு வந்துவிடும், காற்றில் அதுதான் முதலில் நடுங்கும். நான் நாலு அடுக்குப் பக்கம். எல்லாக் காலையும் முழுக்க இழுத்து நிறுத்திவிட்டுத் தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள், கொஞ்சம் முறுக்கியும் பாருங்கள். வில் மாதிரி வளைந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். தலையைத் தாங்குகிற நடுத்தண்டை உயர்த்தித்தான் கண்மட்டத்துக்கு வரும் என்றால் அந்த உயரத்தைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம், நடுத்தண்டு உயர்ந்துவிட்டால் அது ஒற்றைக்காலில் நிற்கிற மாதிரித்தான். குனிந்து எடுக்கப் பழகலாம், 200டியின் திரை வெளியே திரும்பும்தானே.

பெயர் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். மன்ஃப்ரொட்டோ பீஃப்ரீ அட்வான்ஸ்ட், அலுமினியம், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ, மடித்தால் 40 சென்ரிமீற்றர். பீக் டிசைன் 2019இல் கொண்டுவந்த ட்ராவல் ட்ரைபொட் மடித்தால் 39 சென்ரிமீற்றர், கால்களுக்கு இடையில் வெற்றிடமே இல்லாமல் ஒரு போத்தல் மொத்தத்துக்கு ஒடுங்கும், அலுமினியத்தில் 1.56 கிலோ, காபன் ஃபைபரில் 1.27. வந்த நேரத்தில் அலுமினியம் 350 டொலர், காபன் 600 டொலர். அதாவது முந்நூறு கிராமைக் குறைக்க 250 டொலர்! காபனில் அதிர்வு கெதியாக அடங்கும் என்பது உண்மைதான், ஆனால் 2022இல் 200 ரூபாவில் இருந்த டொலர் 360 வரைக்கும் ஏறியதைப் பார்த்த நாங்கள் அந்த முந்நூறு கிராமைத் தோளிலேயே சுமக்கலாம். கனடாவிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ வருகிறார், என்ன வேண்டும் என்று கேட்கிறார் என்றால் அது வேறு கதை, வெட்கப்படாமல் காபன் என்று சொல்லுங்கள், 39 சென்ரிமீற்றர் சூட்கேசில் குறுக்காகவே கிடக்கும். சொந்தக் காசு என்றால் சிருய், பென்ரோ மாதிரி சீனக் கம்பனிகளின் அலுமினியத்தில் 1.3 கிலோவிலிருந்து 1.6 வரைக்கும் தேடுங்கள். நான் இப்போது வைத்திருப்பதும் அப்படியொன்று, 1.4 கிலோ. எதுவானாலும் கமராவின் அடியில் திருகித் தலையில் பூட்டுகிற பிளேட், பல கம்பனிகளும் பாவிக்கிற ஆர்க்கா-ஸ்விஸ் வகையாக இருக்கட்டும், தொலைத்துவிட்டால் வேறு கம்பனியின் பிளேட்டும் அநேகமாகப் பொருந்தும். தொலைப்பீர்கள், நான் இரண்டு தொலைத்துவிட்டேன்.

பஸ்ஸுக்கு நிறையை விட நீளம்தான் முக்கியம். 40 சென்ரிமீற்றர் என்றால் பள்ளிக்கூடப் பைக்குள் நிற்கும். 60 என்றால் பையின் வெளியே கட்டி, ஏ9இல் நெரிசல் பஸ்ஸில் பக்கத்திலிருக்கும் அம்மாவின் விலாவில் குத்தி, பேச்சு வாங்க வேண்டி வரும்.

இனி எங்கள் ஊருக்கே உரிய தொல்லைகள். நந்திக்கடல் சேற்றிலும் முல்லைத்தீவுக் கடற்கரை மணலிலும் காலை ஊன்றும்போது கடைசி அடுக்கைத்தான் முதலில் இழுக்க வேண்டும், அப்போதுதான் பூட்டு சேற்றுக்கு மேலே நிற்கும். நாங்கள் வழக்கமாக மேல் அடுக்கை இழுத்துவிட்டுப் பூட்டைச் சேற்றுக்குள் புதைப்போம், பிறகு திருகும்போது நற நற என்று மணல் அரைபடும். உப்புத் தண்ணீர் பட்டால் அன்றிரவே கிணற்றுத் தண்ணீரில் கழுவி, காலை இழுத்த மேனிக்குக் காயவிடுங்கள். புதைகிற இடத்துக்கு நான் மூன்று சிரட்டை கொண்டு போவேன், காலுக்கு ஒன்றாக வைத்தால் இறங்காது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

காற்றுக்கு, நடுத்தண்டின் அடியில் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்ப் போத்தல் போட்ட பையை அதில் தொங்கவிடலாம், ஆனால் பை அந்தரத்தில் ஆடாமல் நிலத்தில் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பையே கமராவை ஆட்டும். லென்ஸிலிருக்கிற ஆட்டம் தடுக்கும் ஐஎஸ் பொத்தானை நிறுத்திவிடுங்கள், இரண்டு செக்கன் டைமர் போடுங்கள். நட்சத்திரத்துக்கு உங்கள் கமராவில் 18 மில்லிமீற்றரில் 17 செக்கன் வரைக்கும் திறந்து வைக்கலாம் (500ஐ 18ஆலும், உங்கள் கமராவின் சென்சர் சிறியது என்பதற்காக 1.6ஆலும் பிரித்தால் வருகிற கணக்கு), அதைத் தாண்டினால் கோடாகும்.

இன்னொன்று, யாரும் சொல்லித் தராதது. பெரிய ட்ரைபொட்டை வெளியில் விரித்தால் எங்கள் ஆட்கள் காணி அளக்க வந்ததென்றுதான் நினைப்பார்கள். ஒட்டுசுட்டான் பக்கம் வயல் வரம்பில் வைத்துக்கொண்டு நிற்க ஒரு அப்பு சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். “தம்பி, ஆற்ற காணியை அளக்க வந்தனீங்கள்?” “இல்லையப்பு, சூரியன் விழுறதைப் படமெடுக்க வந்தனான்.” “அதுக்கு ஏன் மூண்டு கால்?” அவருக்குத் திரையில் படத்தைக் காட்டிய பிறகும் முழுதாக நம்பவில்லை, நான் மடித்துக் கட்டும் வரைக்கும் நின்றுவிட்டுத்தான் போனார். காணி விஷயத்தில் பட்டவர்கள், குறை சொல்ல முடியாது. போனதும் முதலில் பக்கத்து வீட்டில் ஒரு சொல் சொல்லிவிட்டு விரிப்பது நல்லது. மிதிவெடிப் பலகை இருக்கிற பக்கம் நல்ல கோணம் தெரிகிறது என்று ஒரு அடி கூட வைக்காதீர்கள். வற்றாப்பளைப் பொங்கல் மாதிரிச் சனம் நிறைந்த இடத்தில் காலை விரிக்கவே வேண்டாம், மூன்றையும் சேர்த்து ஒற்றைத் தடியாகப் பிடித்தால் யாரும் தடுக்கி விழமாட்டார்கள்.

பறவைக்கும் சேர்த்து என்று எழுதியிருந்தீர்கள். சுண்டிக்குளத்துக்கு மாரியில் போவதென்றால் ட்ரைபொட்டை வீட்டில் வையுங்கள். பூநாரைக் கூட்டம் எழும்பும்போது இந்தச் சின்ன போல் ஹெட்டை (உருண்டை மூட்டில் திரும்புகிற தலையை) தளர்த்தித் திருப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, ஒரு பக்கம் தைத்து, நெல் நிரப்பி, மற்றப் பக்கத்தையும் தைத்துவிடுங்கள். வான் வண்டியின் ஜன்னலிலோ வள்ளத்தின் விளிம்பிலோ போட்டு அதன்மேல் லென்ஸை வைத்தால் அசையாது. நெல் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போன மார்கழியில் என்னுடையது முளைத்துவிட்டது.