பால்கனியிலிருந்து தெரியும் கடல்

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஒன்றரை. நகரத்து நடுவில் இருக்கும் சிறிய வீட்டை விட்டுவிட்டுக் கடலோரப் புறநகர் ஒன்றில் குடியேற முடிவு செய்திருக்கிறோம். இரண்டு இடங்கள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று கரையிலிருந்து இருநூறு மீட்டரில், ஐந்தாவது மாடி. பால்கனியிலிருந்து கடல் தெரியும், ஆனால் பள்ளிக்கு நாற்பது நிமிடம். இன்னொன்று மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு தனி வீடு, பள்ளி பக்கத்திலேயே. குழந்தைகள் இயற்கையோடு வளர வேண்டும் என்பது என் ஆசை. பின்னால் விலை ஏறுமா என்று அவர் பார்க்கிறார். நீங்கள் கடலோரத்தில் பல வருடம் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். எது சரியாக இருக்கும்?

வி.

*

அன்புள்ள வி.,

உங்கள் கடிதம் இன்னும் நீளமானது, இங்கே சுருக்கியிருக்கிறேன். பள்ளி, போக்குவரத்து, வண்டி நிறுத்துமிடம், லிஃப்ட், அக்கம்பக்கத்தார் என்று ஒவ்வொன்றையும் பொறுப்பாக யோசித்திருக்கிறீர்கள். கடலைப் பற்றி அதில் இருப்பது ஒரே ஒரு வரி: பால்கனியிலிருந்து தெரியும். அந்த வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. போன மாதம் பேரனை முதல்முறையாகக் கடலில் கால் நனைக்கக் கூட்டிப்போனேன். அன்றிலிருந்து என் மகளின் ஐந்தாவது வயதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். விலை ஏறுமா என்பதை உங்கள் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு நாற்பது நிமிடப் பயணம் அதிகம், அதில் பேச ஒன்றுமில்லை. இருநூறு மீட்டரில் வீடு என்றால் உப்புக்காற்றும் உங்களோடு குடியிருக்கும். கான்கிரீட்டுக்குள் உப்பு இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், காரையைப் பிளந்து தள்ளும். அதனால் பால்கனியில் நின்று கடலைப் பார்ப்பதற்கு முன்னால் அதே பால்கனியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். விரிசலும் பழுப்புக் கறையும் இருந்தால் அந்தக் கட்டடம் வேண்டாம். சரி, இது போதும்.

மகளுக்கு ஐந்து வயது ஆனபோது நாங்கள் கடலோரத்துக்கு வந்தோம். நீங்கள் சொல்லும் அதே காரணம்தான்: பிள்ளை காற்றும் மணலுமாக வளரட்டும். வந்து மூன்றாவது வாரம். அலை கொஞ்சம் பெரிதாக இருந்த நாள். பயந்த அப்பா என்ன செய்வானோ அதையே நான் செய்தேன். அலை உடையாமல் தண்ணீர் தட்டையாகக் கிடந்த ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து, "இங்கே விளையாடு" என்று அவளை விட்டேன். முழங்கால் அளவுகூட இல்லை. நான் நான்கு அடி பின்னால் நின்று மனைவியோடு பேசிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது அவள் தள்ளிப் போயிருந்தாள். கத்தவில்லை, கை ஆட்டவில்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீரின் மட்டத்தில் இருந்தது. வானத்தைப் பார்த்துக்கொண்டு மிதக்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன், வி. அந்த ஒரு கணத்தை இத்தனை வருடம் கழித்தும் என்னால் மன்னிக்க முடியவில்லை. எனக்கு முன்னால் ஓடியவர் கரையில் நின்றிருந்த ஒரு பெரியவர். நேராக அவளை நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் இறங்கிச் சுற்றிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் இருமினாள், அழுதாள், பிழைத்தாள். அப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார். "அலை உடையாத இடம் தண்ணி திரும்பிப் போற வழி தம்பி. அங்கேயா பிள்ளைய விடுவாங்க?"

ரிப் கரண்ட் என்று அதைச் சொல்வார்கள். கரையில் வந்து குவியும் தண்ணீர் கடலுக்குத் திரும்ப ஒரு வாய்க்காலைத் தேடிக்கொள்ளும். அந்த வாய்க்காலில் ஆழம் கூடுதல், அதனால் அலை அங்கே உடையாது. இரண்டு பக்கமும் நுரை, நடுவில் அமைதி. புதிதாக வருகிறவர் கண்ணுக்குக் கரையிலேயே பாதுகாப்பான இடம் அதுதான். சில நேரம் அந்த ஓட்டம் வினாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும், போட்டிகளில் நீந்துகிறவர்கள்கூட எதிர்த்து வர முடியாது. அதில் மாட்டினால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. மிதக்க வேண்டும், கை தூக்கிக் கூப்பிட வேண்டும், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியேற வேண்டும். இதை அன்று எனக்குச் சொல்லித்தர ஒருவரும் இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் கேட்கவில்லை. வாடகை பற்றியும் பள்ளி பற்றியும் ஊரெல்லாம் விசாரித்த நான், தண்ணீரைப் பற்றி ஒரு மனிதரிடம்கூட விசாரிக்கவில்லை.

அவள் ஏன் கத்தவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர், மூழ்குகிறவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தவர். மூழ்குகிறவரின் வாய் தண்ணீருக்கு மேலே வரும் சிறு நேரம் மூச்சுக்கே போதாது, குரலுக்கு எங்கே போவது? கைகள் தாமாகவே பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், ஆட்டிக் கூப்பிட முடியாது. இப்படி மேற்பரப்பில் தாக்குப்பிடிப்பது 20 முதல் 60 வினாடி. ஒரு போன் அழைப்பை எடுத்து "அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி வைக்கிற நேரம். சத்தம் கேட்டால் ஓடலாம் என்று கரையில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு அப்பா அம்மாவையும் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

இயற்கையோடு வளர வேண்டும் என்கிறீர்கள். கொஞ்சம் கோபமாகவே கேட்கிறேன்: ஐந்தாவது மாடியிலிருந்து கடலைக் காட்டுவதா இயற்கை? பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று மூன்று பேரிடம் விசாரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். இருநூறு மீட்டரில் இருக்கும் கடலைப் பற்றி யாரிடம் விசாரித்தீர்கள்? அந்தக் கரையில் எந்த மாதத்தில் அலை பெரிதாகும், எந்த இடத்தில் பள்ளம் விழும், உயிர்காப்பாளர்கள் எத்தனை மணி வரை இருப்பார்கள், யாராவது மூழ்கியிருக்கிறார்களா? நம் பழைய கவிகள் நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தார்கள். கரையில் காத்து நிற்பவர்களின் கலக்கம் அது. அவர்கள் கடலை அறிந்தவர்கள்.

சிமெலூ என்று ஒரு தீவு, சுமத்ராவுக்கு மேற்கே. 1907இல் பேரலை வந்து அங்கே ஏராளமானவர்களைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் ஸ்மோங் வரும், மேட்டுக்கு ஓடு. இதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள், 97 வருடம். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த ஊர்களில் அவர்களுடையவையும் உண்டு. எந்த எச்சரிக்கைக் கருவியும் அவர்களுக்கு இல்லை. "ஸ்மோங், ஸ்மோங்" என்று கத்திக்கொண்டு குன்றுகளுக்கு ஓடினார்கள். சுமார் 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். அங்கே ஒரு பாட்டி பேரனைத் தூங்கவைக்கப் பாடியது இதைத்தான். கடலோரத்தில் பிள்ளை வளர்ப்பது என்றால் என் மனதில் வருவது அந்தத் தொட்டில்.

உங்கள் மகளுக்கு நான்கு வயது. இப்போதே தொடங்கலாம். முதுகைக் கடலுக்குக் காட்டாதே என்று சொல்லுங்கள். தண்ணீரில் இறங்குமுன் பத்து நிமிடம் கரையில் உட்கார்ந்து அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று இருவரும் விரல் நீட்டிக் காட்டுங்கள். என் மகளுக்கு அது விளையாட்டாகவே பழகிவிட்டது. ஏழு வயதில் எனக்கு முன்னால் அவள் வாய்க்காலைக் கண்டுபிடிப்பாள். நீச்சல் குளத்தில் நீந்தத் தெரிந்த பிள்ளை கடலிலும் சமாளிக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். குளத்தில் தண்ணீர் யாரையும் இழுப்பதில்லை. நீச்சலும் வேண்டும், கடலைத் தனியாகவும் கற்றுக்கொள்ள வேண்டும். மகன் இன்னும் சிறியவன், கரையில் நிற்கும்போது அவன் உங்கள் கை எட்டும் தூரத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு பெரியவர்கள் போனால், இந்த அரைமணி நேரம் யார் பார்ப்பது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். இருவரும் பார்க்கிறோம் என்று இருந்த இடத்தில்தான் என் மகள் இழுபட்டுப் போனாள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு இடத்துக்கும் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று கேட்டு வாங்குங்கள். கரையிலிருந்து உள்ள தூரத்தைவிட எனக்கு இந்த எண் முக்கியம், மூன்று கிலோமீட்டர் உள்ளே இருப்பதும் தாழ்வான கழிமுகத்தை ஒட்டி இருக்கலாம். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியது. 2006 முதல் 2018 வரை வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகம். நீங்கள் முப்பது வருடத்துக்கு வீடு பார்க்கிறீர்கள். உயரம் சரியாக இருந்தால் தனி வீட்டை எடுங்கள், ஆனால் உடனே வாங்காதீர்கள். ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள், ஒரு மழைக்காலத்தை அங்கே கழியுங்கள், வாரம் இரண்டு முறை பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போங்கள்.

அடுத்த முறை வீடு பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் முதலில் கரைக்குப் போய், அங்கே தினமும் வருகிற யாராவது ஒரு பெரியவரிடம் அவளை நிறுத்தி, "எங்கே இறங்கக் கூடாது?" என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.