மேடையில்லாத காப்புறுதிக் கூட்டம்: கேட்டவையும் சொன்னவையும்

கொழும்பில் காப்புறுதித் துறையில் இருக்கும் நம்மவர்கள் சிலர் ஒரு சனிக்கிழமை ‘அன்கொன்பரன்ஸ்’ வைக்க யோசிக்கிறார்கள். பேச்சாளர் பட்டியல் கிடையாது. வந்தவர்களே காலையில் தலைப்புகளை எழுதிச் சுவரில் ஒட்டி, வட்டம் வட்டமாக இருந்து பேசுவார்கள். நான் கிளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) பக்கம் வேலை செய்தவள், இப்படியான கூட்டங்கள் சிலவற்றை ஒழுங்கு செய்தவள் என்பதால், குழுவில் வந்த கேள்விகளை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வெள்ளவத்தை, ஆயுள் காப்புறுதி முகவர்: நிகழ்ச்சிநிரல் இல்லாமல் ஒரு முழு நாள் எப்படி ஓடும் அக்கா? கடைசியில் அரட்டைதானே மிஞ்சும்?

ஹரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் எண்பதுகளில் பெரிய மாநாடு ஒன்றை மிகுந்த பாடுபட்டு நடத்தினார். முடிந்த பிறகு, கோப்பி இடைவேளைதான் எல்லாவற்றிலும் பிரயோசனமாக இருந்தது என்ற பேச்சுத்தான் மிஞ்சியதாம். அப்படியானால் முழு மாநாட்டையும் இடைவேளை மாதிரியே நடத்தினால் என்ன என்று யோசித்து, 1985 இல் ஒரு முறையை உருவாக்கினார். நாங்கள் செய்யப்போவதும் ஏறக்குறைய அதுதான்.

அரட்டை ஆவதும் ஆகாததும் தலைப்பைப் பொறுத்தது. ‘டிஜிட்டல் யுகத்தில் காப்புறுதி’ என்று ஒட்டினால் அரட்டைதான். ஒரு முறை வாகன மதிப்பீட்டாளர் ஒருவர் ஒட்டிய தாளைச் சொல்கிறேன்: ‘வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். எஞ்சினுக்கு யார் பொறுப்பு?’ களனி கங்கை பெருகும் ஒவ்வொரு முறையும் கொலன்னாவை, கடுவலைப் பக்கமிருந்து இந்தப் பிரச்சினை வரும். காற்று போகும் வழியால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சாவியைத் திருப்பியதும் பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டும், கொனெக்டிங் ரொட் வளையும். அது வெள்ளத்தால் வந்த சேதமா, சாவியால் வந்த சேதமா?

அந்த வட்டத்தில் ஒரு கராஜ்காரர், ஒரு சட்டத்தரணி, கோல் சென்டரில் இரவு வேலை செய்யும் ஒரு பிள்ளை. கராஜ்காரர் வளைந்த ரொட் ஒன்றின் படத்தைப் போனில் காட்டினார். சட்டத்தரணி ஒப்பந்த வாசகத்தைப் பிரித்து மேய்ந்தார். அந்தப் பிள்ளைதான் கடைசியில் கேட்டது: “வெள்ளம் என்று கோல் வந்தால் நாங்கள் முதலில் பொலிசி நம்பரைக் கேட்கிறோம். ‘ஸ்டார்ட் பண்ணாதீங்க’ என்று ஏன் முதலில் சொல்வதில்லை?” மேடை போட்டு நடத்தியிருந்தால் அவளிடம் மைக் போயிருக்காது.

தெஹிவளை, முகவர்: சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்காது.

கொள்ளுப்பிட்டி, பொதுக் காப்புறுதி (வாகனம், வீடு போன்றவை): ஆயுள் காப்புறுதிக்காரரும் வருவார்களா? அவர்களோடு எங்களுக்கு என்ன பேச்சு?

அதற்காகவே வரவேண்டும். 2015 இல் ஆயுளையும் பொதுவையும் சட்டப்படி வேறு கொம்பனிகளாகப் பிரித்த பிறகு, ஒரே மாடியில் தேநீர் குடித்தவர்கள் வேறு வேறு கட்டடங்களுக்குப் போய்விட்டார்கள். வாடிக்கையாளர் பிரியவில்லையே! அவருக்கு நீங்கள் எல்லாரும் ‘இன்சூரன்ஸ்காரர்’தான்.

ஒரு எச்சரிக்கை: பல கொம்பனிக்காரர் ஒரே வட்டத்தில் இருக்கும்போது கட்டுப்பண (பிரீமியம்) வீதம் பற்றிப் பேசக்கூடாது; போட்டிக் கொம்பனிகள் கூடி விலை பேசியது மாதிரி ஆகிவிடும். ‘நீங்கள் எவ்வளவு போடுகிறீர்கள்’ என்று யாராவது தொடங்கினால் எழும்பிவிடுங்கள்.

மருதானை, கிளெய்ம் உதவியாளர்: வட்டம் பிடிக்காவிட்டால் எழும்பி வேறு வட்டத்துக்குப் போகலாம் என்று ஒரு விதி இருக்கிறதாமே. எங்கள் மனேஜர் பேசும்போது எழும்பினால் திங்கட்கிழமை என் கதி?

இதற்கு நான் பதில் எழுதுமுன்பே ஒரு முகாமையாளர் குறுக்கே வந்துவிட்டார்: “மரியாதை என்று ஒன்று இருக்கிறதே மிஸ். பேசிக்கொண்டிருப்பவரை விட்டு எழும்பிப் போவது எந்த ஊர்ப் பழக்கம்?” உடனே ஒரு தரகர்: “சேர், மனேஜர்மார் வராமல் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.” பிறகு நடந்தது தெரியும்தானே, மற்றக் கேள்விகள் எல்லாம் அடியில் போய்விட்டன.

என் கருத்து இது. ‘இரண்டு கால் விதி’ என்று ஓவன் சொன்னது அவமரியாதை செய்ய அல்ல. கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால், அங்கே இருந்து கொட்டாவி விடுவதைவிட எழும்பிப் போவதுதான் மரியாதை. ஆனால் விதியைச் சுவரில் ஒட்டினாலும் நம்மூரில் யாரும் எழும்ப மாட்டார்கள். முகாமையாளர் சேர், நீங்கள் கட்டாயம் வாருங்கள்; ஒப்புதல் கொடுக்கும் ஆள் இல்லாமல் பேசி என்ன பயன்? வந்து, முதல் வட்டத்திலிருந்து முதல் ஆளாக நீங்களே எழும்பிப் போங்கள். அதைப் பார்த்த பிறகுதான் மருதானைத் தம்பிக்குக் கால் வரும். தரகர் அண்ணைக்கு: முகாமையாளர் இல்லாத கூட்டம் முகாமையாளரைத் திட்டும் கூட்டமாகத்தான் முடியும். அதற்கு மண்டபம் எதற்கு, தேநீர்க் கடை போதும்.

ஒரே கொம்பனியின் மேலாளும் கீழாளும் முதல் வட்டத்தில் ஒன்றாக இருக்கவேண்டாம். பெயர் அட்டையில் பதவியும் வேண்டாம்.

முகாமையாளர் மறுபடியும்: அங்கே பேசியது வெளியே போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

நல்ல கேள்வி. லண்டனில் சதம் ஹவுஸ் என்ற சர்வதேச விவகார ஆய்வு நிறுவனத்தில் 1927 முதல் ஒரு விதி இருக்கிறது: கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார், எந்த இடத்தவர் என்று வெளியே சொல்லக்கூடாது. அதையே வைப்போம். அதோடு, வாடிக்கையாளரின் பெயர், வாகன இலக்கம், நோய் விபரம் எதுவும் வாயில் வரக்கூடாது. ‘கண்டியில் ஒரு டொக்டர்’ என்றாலே பாதிப் பேருக்கு ஆள் பிடிபட்டுவிடும். அந்த அளவுக்குக்கூடச் சொல்லவேண்டாம்.

வத்தளை: என் வான் கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். அன்று வந்து சொல்லலாமா?

இது அதற்கான இடம் இல்லை. முதலில் கொம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சரிவராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் (முறைப்பாடுகளை விசாரிப்பவர்), இல்லையேல் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு.

கொட்டாஞ்சேனை: பங்குபற்றியதற்கு ஏதாவது சான்றிதழ்...

மேலே வாசியுங்கள்.

பம்பலப்பிட்டி: தமிழிலா, சிங்களத்திலா, ஆங்கிலத்திலா?

தாளை ஒட்டுபவர் எந்த மொழியில் எழுதுகிறாரோ அந்த மொழி. ஆங்கிலத்தில் வாயே திறக்காத முகவர் தமிழில் வைத்தால் வட்டத்தையே நடத்துவார்.

வெள்ளவத்தை, இன்னொருவர்: எல்லாக் கொம்பனிகளின் வாகனக் கட்டுப்பணத்தையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டால் எல்லாருக்கும் உதவியாக...

கொள்ளுப்பிட்டிக்காரருக்கு எழுதிய பதிலின் கடைசிப் பந்தி. தயவுசெய்து.

நுகேகொடை: பிரதம அதிதி யார்? குத்துவிளக்கு ஏற்றுவது யார்?

யாரும் இல்லை. பேனாவும் வெள்ளைத் தாளும் வாங்கித் தர ஆள் இருந்தால் சொல்லுங்கள்.

மருதானைத் தம்பி: சனி வேண்டாம், போயா நாளில் வைக்கலாமே, எல்லாருக்கும் லீவுதானே?

வாகன மதிப்பீட்டாளருக்கு இல்லை. போயாவோடு வார இறுதி சேர்ந்தால் பாதிக் கொழும்பு நுவரெலியாவுக்கு ஏறும். அன்றைக்கு மதிப்பீட்டாளர்களின் போன் விபத்து அழைப்புகளால் ஓயாது. சாதாரண சனிக்கிழமை, காலை ஒன்பதுக்கு.