லைக் குவிந்தால் ஓட்டு குவியுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தொகுதி வேட்பாளரின் செராமா (அரசியல் பிரசாரக் கூட்டம்) நேரலைக்கு ஆயிரக்கணக்கில் லைக் விழுந்தால் அது ஓட்டாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படியே ஆகாது. ஓட்டு அந்தத் தொகுதிக்காரருக்கு மட்டும். லைக் யாரும் போடலாம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தோட்டத்துப் பிள்ளை லைக் போடுவார். அவர் பெயர் இங்கேயே பதிவில் இருந்தாலும், ஓட்டுப் போட பஸ் ஏறுவாரா?

பார்வை எண்ணிக்கையை நான் நம்புவதே இல்லை. முகநூல் நீண்ட காலம் 3 விநாடி ஓடினாலே ஒரு பார்வை என்று எண்ணியது. பகிர்வையும் கருத்துகளையும் பாருங்கள். ஒரே வாசகம் பத்துப் பேரிடமிருந்து வந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளூர்க் குப்பை, தண்ணீர்ப் பிரச்சினை பேசினால் சரி, ஊர்க்காரர்தான்.

18 வயதினர் முதன்முறை வாக்களித்த 2022 பொதுத்தேர்தலில் டிக்டாக் பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் தோட்டத்துப் பேச்சு பாதி புலன (வாட்ஸ்அப்) குழுக்களில். அதை வெளியிலிருந்து அளக்க வழியில்லை.