மூளைக்குள் டோபமைனை அளப்பது: கேள்வி பதில்

கார்பன் இழை மின்முனைகளைக் கொண்டு எலியின் மூளையில் டோபமைனை (நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருளை) அளக்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், கொங்கு வட்டார நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பெருந்துறை மாணவி: எங்கள் அப்புச்சிக்கு நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்). விரல் நுனி இரத்தத்தில் சர்க்கரையைப் பார்ப்பது போல டோபமைனையும் பார்க்க முடியாதா, ஐயா?

முடியாது, அம்மா. இரத்தத்தில் உள்ள டோபமைன் மூளைக்குள் நுழைவதில்லை. ஆகவே அதன் அளவு மூளையின் நிலையைச் சொல்லாது. மூளைக்குள்ளேயே அளக்கலாம் என்றால், இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிமோல் இருக்கிறது. நரம்பணுக்களுக்கு இடையிலுள்ள நீர்மத்தில் டோபமைனோ சில நானோமோல் முதல் சில பத்து நானோமோல் வரைதான் இருக்கிறது. அதாவது சர்க்கரையில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதுவும் நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் ஏறி இறங்கிவிடுகிறது.

சோமனூர் விசைத்தறியாளர்: கை கால் அசைவுக்கும் இந்தப் பொருளுக்கும் என்ன தொடர்பு?

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதியில் உள்ள நரம்பணுக்கள், ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்கு டோபமைனை அனுப்புகின்றன. ஓர் அசைவைத் தொடங்கவும், அதன் வேகத்தைச் சீராக்கவும் அது தேவை. 1957இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன், நம் சர்ப்பகந்தியிலிருந்து எடுக்கப்படும் ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்து அவற்றை அசைவற்றுப் படுக்கச் செய்து, பின்னர் உடலில் டோபமைனாக மாறும் டோபாவைச் செலுத்தி எழுந்து நடக்கவைத்தார். நடுக்குவாத நோயாளிகளின் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் வற்றியிருப்பதை 1960இல் வியன்னாவின் ஹோர்னிகேவிச் காட்டினார்.

பீளமேடு மின்பொறியாளர்: டோபமைனை அளக்கும் உணரி (சென்சார்) எந்தத் தத்துவத்தில் இயங்குகிறது?

மோட்டார் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால்தான் வியந்திருப்பேன். 7 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள கார்பன் இழையை நுண்ணிய கண்ணாடிக் குழலில் செருகி, நுனி மட்டும் வெளியே நிற்குமாறு அடைத்துவிடுகிறோம். அந்த இழை தலைமுடியில் பத்தில் ஒரு பங்குத் தடிப்புகூட இராது. அதன் மின்னழுத்தத்தை −0.4 வோல்ட்டிலிருந்து +1.3 வோல்ட்டுக்கு ஏற்றி மீண்டும் இறக்குகிறோம். நொடிக்கு 400 வோல்ட் வேகத்தில் நடப்பதால் ஒரு சுற்று 9 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். இதை நொடிக்குப் பத்து முறை செய்கிறோம். ஏறும்போது +0.6 வோல்ட் அருகே ஒவ்வொரு டோபமைன் மூலக்கூறும் இரண்டு எலக்ட்ரான்களை இழக்கிறது; அந்த மின்னோட்டமே நமக்கு வேண்டிய குறிப்பு.

ஆனால் இத்தனை வேகத்தில் அழுத்தத்தை மாற்றும்போது மின்முனையின் மேற்பரப்பு மின்தேக்கியைப் போல நடந்துகொள்வதால், டோபமைன் தரும் ஓட்டத்தைவிடப் பன்மடங்கு பெரிய பின்னணி ஓட்டம் எழுகிறது. விசைத்தறிக் கூடத்துக்குள் நின்று கொசுவின் ரீங்காரத்தைக் கேட்க முயல்வதைப் போன்றது இது. பின்னணி மாறாமல் இருப்பதால் அதைக் கழித்துவிடலாம். எனினும் ஓரிரு நிமிடங்களில் அது மெல்ல நகர்ந்துவிடும். எனவே இம்முறை டோபமைனின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லுமே தவிர, அடிப்படை அளவைச் சொல்லாது. செய்திகளில் இந்த வேறுபாட்டை எவரும் எழுதுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

கோபிச்செட்டிபாளையம், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்: அஸ்கார்பிக் அமிலமும் (வைட்டமின் சி) அதே மின்னழுத்தத்தை ஒட்டி ஆக்சிஜனேற்றம் அடையுமே?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள், ஐயா. 1973இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஆடம்ஸ் குழுவினர் எலியின் மூளையில் முதன்முதலாக மின்முனையை வைத்தபோது கிடைத்த குறிப்பில் பெரும்பங்கு அஸ்கார்பேட்டுடையது (உடலில் அந்த அமிலம் இருக்கும் வடிவம்) என்பது பின்னரே தெரிந்தது. மூளையில் அது டோபமைனைவிடப் பல்லாயிரம் மடங்கு மிகுதி. இழைக்கு எதிர்மின்னேற்றமுள்ள நேஃபியான் என்ற நெகிழிப் படலம் பூசினால், எதிர்மின்னேற்றமுள்ள அஸ்கார்பேட் விலக்கப்படும். நேர்மின்னேற்றமுள்ள டோபமைன் உள்ளே வரும். டோபமைனை ஒத்த இன்னொரு நரம்புச் செய்திப்பொருளான நோரட்ரினலினைப் பிரிப்பதற்கோ இவ்வளவு எளிய வழி இல்லை. ஒரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதிதான் வேறுபாடு என்பதால், மின்முனையை மூளையில் எந்த இடத்தில் வைத்தோம் என்பதைக் கொண்டே பெரும்பாலும் முடிவு செய்கிறோம்.

ஈரோடு வாசகர்: ஒருமுறை பொருத்தினால் எத்தனை நாள் தாங்கும்?

நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் உப்புப் படிவதைப் போல, மின்முனையின் மேல் புரதங்கள் படிந்து உணர்திறன் குறைகிறது; அதைச் சுற்றித் தழும்புத் திசுவும் வளர்கிறது. ஆய்வுக்கூடத்தில் எங்களை அதிகம் வாட்டியது இதுவே. மின்முனை மெல்லியதாக இருந்தால் தழும்பும் குறைகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள உணரிகளால் எலிகளில் ஓராண்டுக்கும் மேல் அளந்ததாக 2018இல் வெளியிட்டார்கள்.

கோவை செவிலியர்: மனிதர்களில் அளந்திருக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள், மின்துடிப்பால் நடுக்குவாத அறிகுறிகளைக் குறைக்கும் மூளைத் தூண்டல் கருவியைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையின்போது, விழித்திருந்த நோயாளியிடம் நொடிக்கும் குறைந்த இடைவெளிகளில் அளந்த முடிவு 2011இல் வெளியாயிற்று. தானே தூண்டலைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கு அமெரிக்கா 2025இல் ஒப்புதல் அளித்தது. ஆனால் அது வேதிப்பொருளைப் பார்ப்பதில்லை. மூளையின் மின்னலைகளையே பார்க்கிறது.

பொள்ளாச்சி தென்னை விவசாயி: பூனைக்காலி விதையில் டோபா இருப்பது உண்மையா? கொடுக்கலாமா?

உண்மைதான், அவ்விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து தாமோதரனும் இராமசாமியும் 1937இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். ஆயினும் விதைக்கு விதை அளவு மாறுபடும். ஏற்கனவே லெவோடோபா (மருந்தாகத் தரப்படும் டோபா) மாத்திரை எடுப்பவருக்கு இதையும் சேர்த்தால் மிகையாகித் தன்னிச்சையான உடல் நெளிவும் வாந்தியும் வரக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். தோலின் மேலடுக்கில் பதியும் நுண்ணூசிகளால் லெவோடோபாவைத் தொடர்ந்து அளக்கும் உணரிகளை இப்போது உருவாக்கி வருகிறார்கள். மூளைக்குள் இறங்கும் உணரியைவிட இதுவே முதலில் நோயாளியின் கைக்கு வரும் என்பது என் கணிப்பு. அதுவரை மாத்திரை எடுத்த நேரம், உணவு உண்ட நேரம், உடல் இறுகிய நேரம் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். பருப்பு, பால் முதலிய புரத உணவு லெவோடோபாவுடன் போட்டியிட்டு அது மூளைக்குள் செல்வதைக் குறைக்கிறதா என்பதை அவர் அதிலிருந்து ஊகித்துக்கொள்வார்.