கடைசிப் படகு போன பிறகுதான் தீவு: பிரெஞ்சுச் சிறுதீவுகள், கேள்வி பதில்

நான்த் நகரத்தில் குடியிருக்கிறேன். பதினோரு கோடையாக, வருடத்துக்கு ஒரு தீவாவது போய்த் தங்கிவிட்டு வருவது வழக்கம். "ஜூலை, ஆகஸ்டில் எந்தத் தீவுக்குப் போகலாம்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளைச் சுருக்கி, பதில்களை இங்கே எழுதுகிறேன்.

பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். கார் இல்லை. ஏழு வயதிலும் நாலு வயதிலும் பிள்ளைகள். நாலு நாள்தான் லீவு. எங்கே போகலாம், அண்ணா?

ரே தீவுக்குப் போங்கள், தங்கச்சி. பாரிஸ் மோன்பர்னாஸ் ஸ்டேஷனிலிருந்து லா ரொஷெல் வரை டிஜிவி என்ற அதிவேக ரயில், மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அங்கிருந்து பஸ். 1988இல் கட்டிய பாலம் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் நீளம், அதன் மேலேயே பஸ் தீவுக்குள் போகிறது. படகு, கடல் குமட்டல், எதுவும் இல்லை. காரில் போகிறவர்கள் கோடையில் பாலத்துக்கு 16 யூரோ கட்ட வேண்டும், மற்ற மாதங்களில் 8. சைக்கிளுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் ஒன்றும் இல்லை.

தீவில் மேடு என்பதே கிடையாது. நூறு கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை, உப்பளங்களுக்கு நடுவேயும் போகும். பிள்ளைகளைப் பின்னால் இழுவண்டியில் உட்கார வைத்து ஓட்டலாம், வாடகைக்குக் கிடைக்கும். பெரியவனை மேற்கு முனையில் உள்ள பலேன் கலங்கரை விளக்கத்துக்குக் கூட்டிப் போங்கள். 257 படி. சின்னவள் பாதியில் தூக்கச் சொல்வாள், தயாராக இருங்கள். சேன்-மர்த்தானில் கால்சட்டை போட்ட கழுதைகளைப் பார்க்காமல் வரவிட மாட்டார்கள். ஒரு காலத்தில் உப்பளத்தில் வேலை செய்த கழுதைகளைக் கொசுவும் ஈயும் கடிக்காமல் இருக்கத் தைத்துப் போட்டது. இப்போது போட்டோவுக்காகப் போடுகிறார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: ரே தீவு விலை கூடிய இடம். பாரிஸ் பணக்காரர்கள் வீடு வாங்கி வைத்திருக்கிறார்கள். நடுத் தீவில் உள்ள ஊர்களில் கேம்பிங் தேடினால் கட்டுப்படியாகும்.

சென்னையிலிருந்து வருகிறேன். பத்து நாளில் ரே, பெல்-ஈல், போர்க்கரோல் மூன்றையும் பார்த்துவிட்டு, முடிந்தால் ரெயூனியனும் போக நினைக்கிறேன். ஒரே விசா போதுமா?

முதல் மூன்றுக்கும் ஷெங்கன் விசா போதும், கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு என்றால் தள்ளிப் போடாதீர்கள். ரெயூனியன் பிரான்சின் பகுதிதான், ஆனால் ஷெங்கனுக்குள் வராது. அது இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, தம்பி, பாரிஸிலிருந்து பதினோரு மணி நேர விமானம். அதைத் தனிப் பயணமாக வையுங்கள்.

மூன்று தீவு வேண்டாம். ஒன்று போதும். ரே அட்லாண்டிக் பக்கம், போர்க்கரோல் மத்தியதரைக் கடல் பக்கம். பத்து நாளில் பாதி ரயிலிலேயே போகும். அதோடு, பகலில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் தீவைப் பார்ப்பதே இல்லை என்பது என் கட்சி. பதினோரு மணிக்குப் படகு ஆயிரம் பேரைக் கொட்டும், ஐந்து மணிக்கு அள்ளிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு கடைக்காரர் நாற்காலியை வெளியே போட்டு உட்காருவார், துறைமுகத்தில் பையன்கள் தண்ணீரில் குதிப்பார்கள், இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். அந்த ஐந்து மணி நேரத்துக்காகத்தான் ரூம் வாடகை கொடுக்கிறோம்.

புதுச்சேரிக்காரன் நான், இப்போது லண்டனில். பெல்-ஈல் நல்லதா, குருவா நல்லதா?

புதுச்சேரி என்று சொன்னதால் ஒரு பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதே வருடம் ஜூனில் பெல்-ஈலையும் பிடித்தார்கள். இரண்டுமே 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் பிரான்சுக்குத் திரும்பி வந்தன. உங்கள் ஊரும் அந்தத் தீவும் ஒரே காகிதத்தில் கைமாறியவை. போர் முடிந்ததும், கனடாப் பக்கம் ஆங்கிலேயர் விரட்டியடித்த அக்காடியர் என்ற பிரெஞ்சுக் குடியேறிகளின் குடும்பங்கள் 78ஐ 1765 வாக்கில் பெல்-ஈலில் குடியமர்த்தினார்கள். அந்தப் பரம்பரை இன்னும் அங்கே இருக்கிறது.

சரி, கேள்விக்கு வருவோம். நாலைந்து நாள் இருந்தால் பெல்-ஈல். பிரான்சின் வடமேற்கு மூலையான பிரெத்தாஞ் பகுதித் தீவுகளில் அதுதான் பெரியது. கிபெரோனிலிருந்து முக்கால் மணி நேரப் படகு, லெ பலே கோட்டையின் காலடியில் இறக்கிவிடும். வடக்கே சோசோன் என்ற குட்டித் துறைமுகம், அதைத் தாண்டிப் புலேன் முனை. நடிகை சேரா பெர்னார் 1894இல் அங்கே கைவிடப்பட்ட ஒரு கோட்டையை வாங்கி, கோடைதோறும் வந்து தங்கினார். மேற்குக் கரைதான் அசல் விஷயம். போர்-கோத்தோனில் ஊசி ஊசியாகக் கடலுக்குள் நிற்கும் பாறைகளைத்தான் ஓவியர் மொனே 1886இல் திரும்பத் திரும்பத் தீட்டினார். கொஞ்ச நாள் தங்க வந்தவர், மழையிலும் காற்றிலும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டார். சாயங்காலம் ஏழு மணிக்கு அங்கே போய் நில்லுங்கள், ஏனென்று புரியும். சைக்கிள் எடுத்தால் மோட்டார் வைத்ததாக எடுங்கள். வரைபடத்தில் தட்டையாகத் தெரியும் தீவு, பள்ளமும் ஏற்றமுமாக முழங்காலைக் கழற்றிவிடும். டொனான் கடற்கரை அழகுதான், ஆனால் அலை இழுக்கும். காவலர்கள் கொடி நட்ட இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

இரண்டு நாள்தான் என்றால் குருவா. கூட்டமும் செலவும் குறைவு. லோரியானிலிருந்து படகு, அதுவும் முக்கால் மணி நேரம்தான். மீனவர் தீவு. அங்கே தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் சேவலுக்குப் பதிலாகச் சூரை மீன் காற்றுக்குச் சுழலும். படகு ஏறுமுன் அரை நாள் லோரியானில் ஒதுக்குங்கள். அந்த ஊர் உருவானதே பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, பெயருக்கும் கீழ்த்திசை என்றுதான் அர்த்தம். எதிர்க்கரையில் போர்-லூயி கோட்டைக்குள் கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து போன பருத்தித் துணிகளின் கதையை அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கலாம்.

கடல் தண்ணீர் குளிருமா?

குளிரும். ஆகஸ்டிலும் பிரெத்தாஞ் பக்கம் 18 டிகிரி சுற்றிதான். முதலில் கத்துவீர்கள், ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். வெதுவெதுப்பாகக் குளிக்க வேண்டும் என்றால் தெற்கே போங்கள்.

அதற்குத்தான் போர்க்கரோல் கேட்கிறேன். ஆகஸ்டில் கூட்டம் தாங்க முடியாது என்கிறார்களே?

உண்மைதான். 2021இலிருந்து கோடையில் ஒரு நாளைக்கு 6,000 பேருக்கு மேல் படகு ஏற்றுவதில்லை. டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். இயேர் ஊருக்குப் பக்கத்தில் உள்ள தூர் ஃபோந்து துறையிலிருந்து கால் மணி நேரப் பயணம்தான். பயணிகள் கார் கொண்டுபோக முடியாது, சைக்கிள்தான். காற்று பலமாக அடித்துக் காட்டுத்தீ பயம் இருக்கும் நாளில் உள்பகுதிப் பாதைகளை மூடிவிடுவார்கள். முந்தின நாள் மாலையே அறிவிப்பு வரும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மெக்சிகோவில் சுரங்கத்தில் பணம் சம்பாதித்த ஒருவர் 1912இல் இந்தத் தீவு முழுவதையும் ஏலத்தில் வாங்கிப் புது மனைவிக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். நம் ஊரில் பட்டுப்புடவைக்கே பேச்சு நடக்கும். 1971இல் அரசு பெரும்பகுதியை விலைக்கு வாங்கியதால்தான் ஹோட்டல் வரிசை முளைக்காமல் தப்பியது. முடிந்தால் செப்டம்பர் இரண்டாம் வாரம் போங்கள். தண்ணீர் அப்படியே வெதுவெதுப்பாக இருக்கும், பள்ளிக்கூடம் திறந்திருப்பதால் கூட்டம் இருக்காது.

நுவார்முத்தியே தீவுக்குக் கடலுக்கு அடியில் ரோடு இருக்கிறதாமே? காரில் போவது ஆபத்தா?

அடியில் இல்லை, கடல் வற்றும்போது வெளியே வரும் ரோடு. பெயர் குவா. நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு நாளில் இரண்டு முறை மூழ்கும். மெரினாவில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் நாம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அட்லாண்டிக்கில் பல மீட்டர் ஏறி இறங்கும். இன்னும் வடக்கே கிரான்வில் பக்கம் பெரிய ஏற்றவற்றத்தில் 14 மீட்டர் வரை போகும்.

விதி எளிது. கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தொடங்கி ஒன்றரை மணி பின்னால் வரை கடக்கலாம். நேரம் ரோட்டின் இரு முனையிலும் பலகையில் போட்டிருக்கும். சிப்பி பொறுக்க இறங்கி நேரத்தை மறந்தவர்களின் கார்கள் முங்கியது உண்டு. அப்படி மாட்டிக்கொள்கிறவர்கள் ஏறி நிற்கத்தான் வழி நெடுக உயரமான கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். 1999 தூர் து பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஈரப் பாசியில் சறுக்கி ஒரு கும்பலே இங்கே விழுந்தது. பயமாக இருந்தால் 1971இல் கட்டிய பாலம் இருக்கிறது, காசும் இல்லை. நான் போகும்போது குவா, வரும்போது பாலம்.

அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. அதிகம் நடக்க முடியாது.

எக்ஸ் தீவு பொருத்தமாக இருக்கும். ஃபூராவிலிருந்து அரை மணி நேரத்துக்கும் குறைவான படகு. தீவே மூன்று கிலோமீட்டர் நீளம்தான், குதிரை வண்டியில் சுற்றிக் காட்டுவார்கள். 1815 ஜூலையில் நெப்போலியன் ஆங்கிலேயரிடம் தன்னை ஒப்படைக்கும் முன் பிரெஞ்சு மண்ணில் கடைசியாகத் தங்கிய வீடு இங்கே மியூசியமாக இருக்கிறது. கடலுக்கு நடுவே புவாயார் கோட்டையும் தெரியும். பிரெஞ்சு டிவி விளையாட்டு நிகழ்ச்சியில் வரும் அதே கோட்டைதான், உள்ளே விடமாட்டார்கள். படகு ஏறும் இடத்தில் சரிவுப் பலகை கொஞ்சம் செங்குத்தாக இருக்கலாம். ஊழியரிடம் சொன்னால் கை பிடித்து ஏற்றுவார்கள்.

நாங்கள் சுத்த சைவம். சாப்பாடு கிடைக்குமா?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். பிரெத்தாஞ் முழுக்கக் கலேத் கிடைக்கும், பக்வீட் மாவில் சுட்ட மெல்லிய தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள். "கோம்ப்ளேத்" என்று மெனுவில் இருந்தால் பன்றி இறைச்சியும் முட்டையும் இருக்கும், அதைத் தவிர்த்து சீஸ், காளான், கீரை கேளுங்கள். வெறும் "சைவம்" என்று சொல்லி நிறுத்தாதீர்கள், மீனும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். என் மாமியாருக்கு ஒரு முறை சைவ சாலட் என்று நெத்திலி போட்டு வந்தது. இனிப்புக்குக் குயின்-அமான். பெயருக்கே வெண்ணெய் கேக் என்றுதான் அர்த்தம், ஒரு துண்டுக்கு மேல் முடியாது.

நீங்கள் செய்த தப்பு ஏதாவது?

ஆகஸ்ட் சனிக்கிழமை காலையில் கிபெரோனுக்குக் காரில் போனேன். அந்தத் தீபகற்பத்தின் கழுத்து ஓரிடத்தில் ரோடும் தண்டவாளமும் போக மட்டுமே இடம் விடும். இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்று, என் படகு துறைமுகத்தை விட்டுப் போவதைக் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகள் கையை வேறு ஆட்டினார்கள். அடுத்த படகில் இடம் இல்லை, அன்று இரவு காரிலேயே தூங்கினோம். கோடையில் ஓரே என்ற ஊரிலிருந்து கிபெரோனுக்குக் குட்டி ரயில் ஓடும். பிரெஞ்சில் பாட்டில் தக்கைக்கும் ரோட்டு நெரிசலுக்கும் ஒரே சொல், அதனால் நெரிசலிலிருந்து காப்பாற்றும் அந்த ரயிலுக்கு "தக்கை திருகி" என்றே செல்லப் பெயர். காரை ஓரேயில் விட்டுவிட்டு அதில் ஏறுங்கள்.

குருவாவில் சிவப்பு மணல் இருக்கிறதாம். ஒரு பாட்டிலில் கொண்டு வரலாமா?

கூடாது. மாணிக்கம் மாதிரித் தெரியும் கார்னெட் கல் பொடிந்து கலந்த மணல் அது. அந்தக் கரை 1982இலிருந்து இயற்கைக் காப்பகம், ஒரு கூழாங்கல் எடுத்தாலும் அபராதம். ஒரு கை அள்ளி வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், பிறகு விரலை விரித்து விட்டுவிடுங்கள். செருப்பில் ஒட்டிக்கொண்டு வருவதை யாரும் கேட்க மாட்டார்கள்.