இரண்டு டிக் விழுந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தமா? காணாமல் போனவர் வழக்கு: கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் வேலைக்குக் கிளம்பிய ஒரு தம்பி வீடு திரும்பாமல் இரண்டு வாரம் ஆகிறது. அன்றிலிருந்து ஏரியாவில் ஆளுக்கொரு துப்பு, ஆளுக்கொரு சந்தேகம். வடசென்னைக் காவல் நிலையங்களில் வேலை பார்த்து உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் என்பதால் என்னைக் கேட்கிறீர்கள். நான் விசாரித்த வழக்கு இல்லை இது. இப்படிப்பட்ட வழக்குகள் எப்படி நகரும் என்பதைச் சொல்கிறேன்.

கல்லூரி மாணவர், புதுவண்ணாரப்பேட்டை: சார், அவருக்கு நேத்து அனுப்புன மெசேஜுக்கு ரெண்டு டிக் விழுந்திருக்கு. அப்போ ஆள் நல்லா இருக்காருன்னுதானே?

அப்படிச் சொல்ல முடியாது தம்பி. அவருடைய வாட்ஸ்அப் வேறொரு கம்ப்யூட்டரில் இணைந்திருந்தால், அந்தக் கம்ப்யூட்டருக்குச் செய்தி போனாலும் இரண்டு டிக் விழும். ஆபீஸில் யாராவது அதை ஆன் செய்திருக்கலாம். போன் வேறொருவர் கையில் இருக்கலாம். ஆனாலும் இது உதவாத தகவல் இல்லை. தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். "பையன் உயிரோட இருக்கான்" என்று அவர் அம்மாவிடம் மட்டும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

மீன் வியாபாரி, ராயபுரம்: கடைசி டவர் காசிமேடு காட்டுச்சாம். கடல்ல இறங்கிட்டான்னு பசங்க பேசிக்கிறாங்க.

டவர் என்பது ஒரு வட்டாரத்தைக் காட்டும், ஆள் நின்ற இடத்தைக் காட்டாது. பக்கத்து டவரில் நெரிசல் என்றால் போன் தூரத்து டவரைப் பிடிக்கும். காசிமேட்டில் விடியற்காலை ஏலம் நடக்கிற நேரத்தில் எத்தனை ஆயிரம் போன் அந்த டவர்களில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பஸ்ஸில் அந்த வழியாகப் போனவரையும் அதே டவர்தான் காட்டும்.

கடல் சந்தேகம் இருந்தால் அதைத் தேட முறை உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் நம் கரையில் நீரோட்டம் வடக்கே இழுக்கும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். அதைப் பார்த்துத்தான் எண்ணூர், பழவேற்காடு பக்கமா, மெரினா பக்கமா என்று கடலோரக் காவல் படைக்குத் தகவல் போகும். இதில் உங்கள் படகுக்காரர்கள் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

இல்லத்தரசி, கொருக்குப்பேட்டை: 24 மணி நேரம் ஆனாத்தான் புகார் வாங்குவாங்களாமே?

அப்படி எந்தச் சட்டமும் இல்லை அம்மா. ஒரு மணி நேரத்திலேயே போகலாம். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எந்த நிலையத்து எல்லையோ அதற்குப் பிறகு மாற்றிக்கொள்வார்கள். காணாமல் போனது குழந்தை என்றால் கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு உடனே எஃப்ஐஆர் போட வேண்டும் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்குக் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் கூப்பிடுங்கள்.

கடைக்காரர், திருவொற்றியூர்: என் கடை கேமராவுல அவர மாதிரி ஒருத்தர் போறாரு. குரூப்ல போடட்டுமா?

போடாதீர்கள். முதலில் அந்தப் பதிவைக் காப்பாற்றுங்கள். பல கடைகளில் 15 நாளிலோ 30 நாளிலோ பழைய பதிவின்மேல் புதிது ஏறிவிடும். இரண்டு வாரம் ஆகிவிட்டதால் உங்களுக்கு இன்றைக்குத்தான் நேரம். அடுத்து, டிவிஆர் என்கிற கேமரா பதிவுப் பெட்டியின் கடிகாரம் பெரும்பாலும் சரியாக இருக்காது. திரையில் காட்டும் நேரமும் உங்கள் போன் நேரமும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வையுங்கள். இருபது நிமிட வித்தியாசம் ஒரு ஆளை வேறு பஸ்ஸில் ஏற்றிவிடும். திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் முகமும் கலங்கும், நீதிமன்றத்திலும் நிற்காது. மூலப் பதிவும் அதற்கான சான்றிதழும் வேண்டும். போலீஸ் வந்து எடுத்துக்கொள்ளட்டும். "அவர மாதிரி" என்று நீங்கள் போடும் படம் வேறு யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அவன் வெளியே நடமாட முடியாது.

இளைஞர், வியாசர்பாடி: அவர் ஃபிரண்டு ஒருத்தன் அழவே இல்ல சார், கேட்டா மாத்தி மாத்திப் பேசுறான். அவன்தான்னு ஊரே சொல்லுது. போலீஸ் ஏன் பிடிக்கல?

இந்தக் கேள்விதான் எனக்குப் பயத்தைக் கொடுக்கிறது. அதிர்ச்சியில் உறைந்தவர்கள் அழுவதில்லை. பத்து பேர் பத்து விதமாகக் கேட்டால் யார் பதிலும் மாறும். 2013ல் அமெரிக்காவில் பாஸ்டன் குண்டுவெடிப்பு நடந்தபோது, அதற்கு முன்பே காணாமல் போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளி என்று இணையத்தில் கூட்டமாக முடிவு கட்டினார்கள். அவர் இறந்தே போயிருந்தார். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பம் அந்த வசையையும் சேர்த்துச் சுமந்தது.

அவ்வளவு தூரம் போவானேன். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவன் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, இதோ நம் பழவேற்காட்டில், ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அடித்தவர்களும் ஊரைக் காப்பதாகத்தான் நினைத்தார்கள். அந்த நண்பன் வீட்டு வாசலில் இன்று கூட்டம் கூடியிருந்தால் தயவுசெய்து கலைந்து போகச் சொல்லுங்கள். அவன் எங்கே இருந்தான் என்பதைப் போன் பதிவும் கேமராவும் சொல்லும். பயந்து அவன் ஊரை விட்டுப் போனால், கடைசியாகப் பேசிய சாட்சி போய்விடுவான்.

ஆட்டோ ஓட்டுநர், பேசின் பிரிட்ஜ்: நாங்க எங்க போய்த் தேடுனா பிரயோஜனம்?

நீங்கள்தான் நிஜமாக உதவக்கூடியவர். தண்டவாளத்தில் நடப்பது ரயில்வே போலீஸ் எல்லை. உள்ளூர் நிலையத்தில் தேடிக்கொண்டே இருப்பார்கள், விவரம் பக்கத்து ரயில்வே போலீஸ் நிலையத்துப் பதிவேட்டில் கிடக்கும். குடும்பத்தை அங்கே ஒருமுறை கூட்டிப் போங்கள். கும்மிடிப்பூண்டி தாண்டிப் போகிற வண்டியில் ஏறித் தூங்கிவிட்டால் சூலூர்பேட்டை வரை போகலாம், அது ஆந்திரா. அங்கே தமிழ் நோட்டீஸ் போதாது, தெலுங்கிலும் வேண்டும். ஸ்டான்லி, சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச்., கீழ்ப்பாக்கம் கே.எம்.சி. என்று மூன்று அரசு மருத்துவமனைகளிலும் பெயர் தெரியாமல் சேர்த்தவர்களின் விவரம் கேளுங்கள். பிணவறைக்குக் குடும்பத்தில் மன உறுதி உள்ள ஆண் பெண் யாராவது போகட்டும், அம்மாவை அனுப்பாதீர்கள். மாநகராட்சி இரவுக் காப்பகங்களையும், சாலையோரம் தவிப்பவர்களை மீட்கும் சென்னை போலீஸின் காவல் கரங்கள் குழுவையும் விடாதீர்கள்.

ஆசிரியை, பெரம்பூர்: அவரே விருப்பப்பட்டுப் போயிருந்தா?

வயது வந்தவருக்கு அந்த உரிமை உண்டு. போலீஸ் கண்டுபிடித்து வாக்குமூலம் வாங்கி வழக்கை முடிப்பார்கள். வேண்டாம் என்றால் முகவரியை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். கடன், காதல் என்று குரூப்பில் இப்போது எழுதுவதெல்லாம் அவர் திரும்பி வந்து வாழ வேண்டிய தெருவில் அப்படியே இருக்கும்.

காணாமல் போனவரின் அக்கா: போஸ்டர்ல என் நம்பர் இருக்கு. ராத்திரியெல்லாம் போன். ஒருத்தர் இருபதாயிரம் அனுப்புனா இடம் சொல்றேங்கிறார்.

அனுப்பாதே அம்மா. அந்த நம்பரை விசாரணை அதிகாரியிடம் கொடு. ஏற்கெனவே பணம் போயிருந்தால் இப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடு. புது போஸ்டரில் காவல் நிலைய எண்ணைப் போடு, உன் நம்பரை எடுத்துவிடு. தம்பியின் யுபிஐயில் கடைசியாக எங்கே பணம் போயிருக்கிறது என்று பார்க்க அதிகாரியிடம் வங்கிக் கணக்கு விவரத்தைக் கொடு. அவன் சிம்முக்கு ரீசார்ஜ் என்றைக்கு முடிகிறது என்று பார்த்து, முடிவதற்குள் போட்டுவிடு. அந்த நம்பர் செத்துப் போகக் கூடாது.